உச்சியில் வெள்ளை, கீழே பச்சை

தூத்துக்குடி
6-2-1938

மாயி,

நான் இங்கே வந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. இப்போதுதான் எழுதுகிறேன். திட்டுவதாக இருந்தால் திட்டி முடித்துவிட்டு மேலே படி.

ரொட்ரிகோ முதலாளி என்பவரிடம் வேலை. அவருக்கு மூன்று தோணி ஓடுகிறது. தோணி என்றதும் தெப்பக்குளத்தில் மிதப்பதை நினைக்காதே. நாற்பது முழம் நீளம், மூன்று பாய்மரம். வெங்காயமும் மிளகாய் வற்றலும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகிறது. இஞ்சின் கிடையாது. காற்றுத்தான். ராத்திரியில் மற்ற கப்பல்களுக்குத் தெரிவதற்காக அரிக்கேன் லாந்தரைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். காற்று பலமாக அடித்தால் அதுவும் அணைந்துபோகும். முதலாளி போன வருஷம் வண்டியூர்த் தெப்பத்துக்கு வந்தபோது நாங்கள் போட்ட பல்புகளைப் பார்த்திருக்கிறார். "அந்த ஒயரிங் பண்ணுன ஆளு யாரு?" என்று விசாரித்துத்தான் ஆள் அனுப்பினார். எங்கள் கருத்தக்கண்ணன் மேஸ்திரியை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார் என்பதை நீ கவனிக்க வேண்டும்.

புதிதாகக் கட்டிய தோணிக்கு பாட்டரி வாங்கி வைத்திருக்கிறார். எந்த விளக்கு எங்கே இருக்க வேண்டும் என்று துறைமுக ஆபீசில் அச்சடித்த இங்கிலீஷ் தாள் கொடுத்திருக்கிறார்கள். அதன்படி இல்லாவிட்டால் தோணியை வெளியே விடமாட்டார்கள். முதலாளியின் கணக்கப்பிள்ளை அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். பிறகு வெற்றிலை போடப் போய்விட்டார். எனக்குத் தெரிந்து இங்கிலீஷும் பொறுமையும் உள்ள ஆள் நீதான். பொறுமை விஷயத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. தாளை இதோடு வைத்திருக்கிறேன். தமிழில் எழுதி அனுப்பு. வேண்டியதை மட்டும் எழுது. பாடம் நடத்தாதே.

இது பாஸானால் மற்ற இரண்டு தோணிக்கும் நானே விளக்குப் போடுவேன். என் பேரில் இருப்பது அந்த ஒயர்மேன் லைசென்ஸ் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு மேஸ்திரி இல்லாமல் நிற்க முடியுமா என்று பார்க்கிறேன்.

பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு நீ வரமாட்டாய் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை.

சுருளி


சிம்மக்கல், மதுரை
11-2-1938

மச்சானுக்கு,

திட்டி முடித்துவிட்டேன். சத்தமில்லாமல் திட்டியதால் பக்கத்து வீட்டில் யாருக்கும் தெரியாது.

நீங்கள் ஊரை விட்டுப் போனது எனக்கு எப்படித் தெரிந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். கீழக்குயில்குடியிலிருந்து அத்தை வந்தார்கள். நான் உங்களுக்காகச் சோறு வடித்து வைத்துக் காத்திருந்தேன். "எம்மகன் தூத்துக்குடிக்குப் போறேன்னு எங்கிட்ட சொல்லிட்டுல்ல போயிருக்கான். ஒங்கிட்ட சொல்லலையா? நீ எதையாச்சும் படிச்சுக்கிட்டு இருந்திருப்ப, காதுல விழுந்திருக்காது" என்றார்கள். நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? அந்தச் சோற்றை நாங்கள் இருவரும் சாப்பிட்டோம்.

மேஸ்திரி முன்னால் உங்கள் ஒயரிங் ரிப்போர்ட்டைத் திருத்தியதற்காக இவ்வளவு தூரம் போக வேண்டுமா? சாப்பாடு கொண்டு வந்தவள் பென்சிலை எடுத்திருக்கக் கூடாது, சரி. "டேய் சுருளி, இனிமே ரிப்போர்ட்ட ஒம் பொண்டாட்டிட்டயே குடுத்துரு. நீ ஏணிய மட்டும் தூக்கு" என்று மேஸ்திரி சொன்னதற்கு நானா பொறுப்பு? எட்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் ஆளே இல்லை.

விளக்கு விஷயத்தைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். வேலை செய்யும் இடத்தில் வைத்துப் பார்க்க வசதியாக இருக்கும். வேண்டியது மட்டும்தான் இருக்கிறது.

(தனித்தாள், முன்பக்கம்)

பாய்க்கப்பலுக்கு மூன்று விளக்கு. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. தோணிக்குள் முன்பக்கம் பார்த்து நிற்பவனுடைய இடமும் வலமும்தான் கணக்கு. கரையில் நின்று தோணியைப் பார்ப்பவனுடையது அல்ல.

ஒவ்வொரு விளக்கும் எவ்வளவு தூரம் சுற்றித் தெரிய வேண்டும் என்பதற்குத் தோணியை மேலிருந்து பார்த்த கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். முன்முனை பன்னிரண்டு. பச்சை, பன்னிரண்டிலிருந்து மூன்றே முக்கால் வரை தெரிய வேண்டும். சிவப்பு, அதேபோல் மறுபக்கம் பன்னிரண்டிலிருந்து எட்டேகால் வரை. மிச்சமுள்ள பின்பாகம் வெள்ளைக்கு. ஒன்று தெரியும் இடத்தில் இன்னொன்று தெரியக்கூடாது. சிவப்பு வலப்பக்கத்திலிருந்தும் பச்சை இடப்பக்கத்திலிருந்தும் தெரியாதபடி, ஒவ்வொரு விளக்குக்கும் உட்புறமாக, விளக்கிலிருந்து முன்னால் மூன்றடி நீளும் மறைப்புப் பலகை அடிக்க வேண்டும். சிவப்பும் பச்சையும் இரண்டு மைலுக்கும் வெள்ளை ஒரு மைலுக்கும் தெரிய வேண்டும்.

(அதே தாள், பின்பக்கம்)

ரிப்போர்ட்டில் இருந்தது பிழைதான். ஆனால் எல்லோரும் பார்க்கத் திருத்தினேன். வீட்டுக்கு வந்த பிறகு சொல்லியிருக்கலாம். அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும், நீங்கள் முதலில் பேசட்டும் என்று இருந்துவிட்டேன். ராத்திரி உங்கள் தலையணையையும் எடுத்துப் போடுகிறேன். காலையில் இரண்டையும் எடுத்து வைக்கிறேன். இதை யாரிடமும் சொல்ல முடியாது. சொல்லக்கூடிய ஒருவர் தூத்துக்குடியில் இருக்கிறார். நான் வரட்டுமா, நீங்கள் வருகிறீர்களா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

மாயக்காள்


தூத்துக்குடி
23-2-1938

மாயி,

தாள் வந்தது. கடிகாரக் கணக்கு முதலாளிக்கே புரிந்துவிட்டது. கணக்கப்பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வேலையைப் பற்றிச் சொல்கிறேன். முதலில் வீட்டுக்குப் போடுகிற ஒயரைத்தான் இழுத்தேன். பாட்டரிக்குப் பக்கத்தில் பளிச்சென்று எரிகிற பல்பு, தோணியின் முன்பக்கத்துக்குப் போனதும் அணையப்போகிற பீடி மாதிரி ஆகிவிட்டது. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். வீட்டுக் கரண்டு இருநூறு வோல்ட்டுக்கு மேலே. வழியில் இரண்டு தொலைந்தால் யாருக்கும் தெரியாது. இது மொத்தமே பன்னிரண்டு. இரண்டு போனால் விளக்குச் செத்துவிடும். நாலு மடங்குத் தடிமனில் ஒயர் வாங்கிப் போட்டேன். மோட்டார் வண்டியில் ஒரு ஒயர் போதும், வண்டியின் இரும்பே இன்னொரு ஒயர் வேலையைப் பார்த்துக்கொள்ளும். இது மரம். போக ஒன்று, வர ஒன்று. உப்புக்காற்றில் மூட்டுகள் எல்லாம் ஒரே வாரத்தில் பச்சையாகப் பூத்துவிட்டன. எல்லாவற்றையும் சுரண்டி, ஈயம் பற்றவைத்து, மேலே தாரும் பூசினேன்.

நேற்றுக் காலை துறைமுக ஆபீசர் வந்தார். மறைப்புப் பலகையை அளந்து பார்த்தார். மூன்றடிக்கு இரண்டு விரற்கடை அதிகமாகவே வைத்திருந்தேன். பாஸ் போட்டுக் கையெழுத்து வைத்தார். நான் நட்டுவைத்தது போல நின்றேன்.

அவர் போன பிறகு உச்சி பல்பைப் போட்டேன். உனக்குத் தெரியுமே, எங்கள் செட்டில் உச்சி எரியாமல் வேலையை ஒப்படைக்கிற வழக்கம் இல்லை. தெப்பமானாலும் கல்யாணப் பந்தலானாலும் ஒசரத்தில் ஒரு வெள்ளை பல்பு எரிந்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. நடுமரத்தில் ஏறி, தோணி போகிற திசையைப் பார்த்து ஒன்று வைத்தேன். கரையிலிருந்து பார்த்தால் கண்ணைப் பறிக்கிறது. முதலாளிக்கு ஒரே சந்தோஷம்.

தோணியை ஓட்டுகிற தண்டல் சவரியடிமைதான் முகத்தைச் சுளித்தார். "பாய் விரிச்சு ஓடயில உச்சியில வெளக்குப் போட்டு நான் பாத்ததில்லயே தம்பி" என்றார். "நீங்க இதுவரைக்கும் கரண்டு வெளக்கே பாத்ததில்லயே அண்ணே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் விடவில்லை. "சட்டத்துல அப்படி இருக்கா?" என்றார். உன் தாளை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். "இந்தா, சட்டம் பூராவும் இதுல இருக்கு. வேணாம்னு எங்கயாச்சும் போட்டுருக்கா, காட்டுங்க" என்றேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. கயிற்றைச் சுருட்டப் போய்விட்டார்.

இன்று சாயங்காலம் தோணி கிளம்புகிறது. கரையில் நின்று பார்க்கப் போகிறேன்.

சுருளி


சிம்மக்கல், மதுரை
25-2-1938

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கிடைத்தது. படித்த கையோடு தந்தி ஆபீசுக்கு ஓடினேன். அவர்கள் இங்கிலீஷில்தான் அடிப்பார்கள். அதைப் படித்துச் சொல்ல உங்களுக்கு இன்னொரு ஆள் வேண்டும். அதற்குள் தோணி கிளம்பி இரண்டு நாள் ஆகியிருக்கும். இதெல்லாம் தெரிந்தும் அடித்தேன்.

அந்த உச்சி விளக்கை எடுத்துவிடச் சொல்லுங்கள். கொழும்பில் முதலாளிக்கு ஆள் இருந்தால் அங்கேயே எடுக்கச் சொல்லி உடனே தந்தி கொடுக்கச் சொல்லுங்கள்.

அச்சுத்தாளில் ஒரு வரி இருந்தது. நீராவிக் கப்பலுக்குக் கம்பத்தில் உயரமாக உள்ள வெள்ளை விளக்கைப் பாய்க்கப்பல் ஒருபோதும் ஏற்றக்கூடாது என்று. அந்த வரியை நான் உங்களுக்கு எழுதவில்லை.

கவனக்குறைவினால் விடவில்லை. எழுதினேன். எழுதிவிட்டுத் திரும்பப் படித்தபோது, பாய்த்தோணிக்கு இல்லாத விளக்கைப் பற்றி இவள் எதற்கு அளக்கிறாள் என்று நீங்கள் நினைப்பதுபோல் இருந்தது. வேண்டியதை மட்டும் எழுதச் சொல்லியிருந்தீர்கள். பாடம் நடத்தாதே என்றும் சொல்லியிருந்தீர்கள். அந்த வரியை அடித்தால் அடித்தது தெரியும், அதற்கும் ஏதாவது சொல்வீர்கள் என்று வேறு தாள் எடுத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதினேன். இல்லாத ஒன்றை வைக்கக்கூடாது என்று ஒருவருக்கு எதற்காகச் சொல்ல வேண்டும்? அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன். உங்கள் செட்டின் வழக்கம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் தோன்றவில்லை.

காரணத்தையும் இப்போது சொல்லிவிடுகிறேன். பாடம் என்றாலும் பரவாயில்லை. நீராவிக் கப்பலும் பாய்க்கப்பலும் எதிர்ப்பட்டால் நீராவிக் கப்பல்தான் ஒதுங்க வேண்டும். பாய்க்கப்பல் நினைத்த பக்கம் திரும்ப முடியாது என்பதால். இருட்டில் எது எதுவென்று எப்படித் தெரியும்? உச்சியில் வெள்ளை இருந்தால் நீராவி, இல்லாவிட்டால் பாய். உங்கள் தோணி இப்போது இஞ்சின் இல்லாமலே இஞ்சின் கப்பல் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போகிறது.

பின்பக்கத்தில் எழுதியதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. இந்த நேரத்தில் அதைக் கேட்பது சரியில்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

மாயக்காள்


தூத்துக்குடி
4-3-1938

மாயி,

உன் தந்தி வருவதற்கு முதல் நாளே எல்லாம் முடிந்துவிட்டது.

கிளம்பிய மறுநாள் ராத்திரி. வடக்கே போகிற ஒரு நீராவிக் கப்பல் தோணிக்கு வலப்பக்கமாக வந்திருக்கிறது. தண்டல் அது ஒதுங்கும் என்று போன போக்கிலேயே போயிருக்கிறார். அந்தக் கப்பல்காரன் எழுதிக் கொடுத்திருக்கிறானாம்: உச்சியில் வெள்ளை, கீழே பச்சை தெரிந்தது, இஞ்சின் கப்பல் என்று எண்ணினேன், இரண்டும் இஞ்சினாக இருந்தால் என்னைத் தன் வலப்பக்கத்தில் காண்கிற அதுதான் எனக்கு ஒதுங்க வேண்டும், அதனால் நேராக வந்தேன் என்று. பாய் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் திருப்பியிருக்கிறான். முழுதும் மோதவில்லை, உரசிக்கொண்டு போனது. தோணியின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டை முறிந்து விழுந்து மிக்கேல் என்பவனுக்குத் தோள் எலும்பு உடைந்துவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. கிழிந்த பாயோடு தண்டல் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார். என்னைத் திட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

துறைமுக ஆபீசர் இருபத்தோராம் தேதி விசாரணை வைத்திருக்கிறார். அவருக்கு ஒரே கேள்விதான். பாஸ் போட்டு அவர் படியிறங்கின பிறகு அந்த விளக்கை வைத்திருக்கிறேன். சட்டம் தெரிந்தே அவர் கண்ணுக்கு மறைத்து வைத்தேனா, தெரியாமல் வைத்தேனா? தெரிந்து வைத்தேன் என்று முடிவானால் லைசென்ஸ் ரத்து. மதுரையிலும் வேலை செய்ய முடியாது, எங்கேயும் முடியாது. முதலாளி இப்போது எனக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் ஒயர்மேன் செய்தது என்கிறார்.

"சட்டத்த எழுதி வச்சிருந்தியே தம்பி, அந்தத் தாள் எங்க?" என்று தண்டல் எல்லார் முன்னாலும் கேட்டார். தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். தொலையவில்லை. பெட்டியில் இருக்கிறது. அதை யாரிடமும் கொடுக்கமாட்டேன். அதன் பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும்.

இனி இதைப் பற்றி எழுதாதே. நான் பார்த்துக்கொள்கிறேன்.

சுருளி


சிம்மக்கல், மதுரை
8-3-1938

மச்சானுக்கு,

மிக்கேலுக்கு எப்படி இருக்கிறது? முதலில் அதை எழுதுங்கள். அவருக்குக் குடும்பம் உண்டா, யார் சோறு போடுகிறார்கள்? மூன்று நாளாக வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அந்தத் தோள்தான் நினைவுக்கு வருகிறது.

அடுத்தது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எதை? அந்த வரியை விட்டது நான். அது என் பிழை. அதை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள உங்களுக்கு யார் சொன்னது? நீங்கள் பெரிய மனதோடு செய்ததாக ஊரில் யாரும் சொல்லலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. என்னைக் கேட்காமல் தூத்துக்குடிக்குப் போனீர்கள், இப்போது என்னைக் கேட்காமல் என் குற்றத்தையும் எடுத்துக்கொண்டு போகிறீர்கள். இரண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

தெரியாமல் வைத்தேன் என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தத் தாள். தபால் முத்திரை உள்ள உறையோடு அதைக் காட்டினால் போதும். நீங்கள் காட்டாவிட்டால் நானே ஆபீசருக்கு இங்கிலீஷில் எழுதுவேன். விலாசம் அச்சுத்தாளின் அடியில் இருக்கிறது.

மாயக்காள்


தூத்துக்குடி
12-3-1938

மாயி,

மிக்கேலுக்குக் கட்டுப் போட்டிருக்கிறது. ஆறு வாரம் ஆகும் என்கிறார்கள். பெண்டாட்டியும் ஒரு கைக்குழந்தையும் இருக்கிறார்கள். தினம் போய்ப் பார்க்கிறேன். "என்ன மதுர அண்ணே, வீட்டுக்கும் ஒரு உச்சி பல்பு போடுதியளா?" என்று கேட்கிறான். அவன் சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ எழுதக்கூடாது. எழுதினால் உன்னையும் விசாரிப்பார்கள். பள்ளிக்கூடத்துக்குத் தாக்கீது போகும்.

இதை வெறும் சாக்கு என்று நீ கண்டுபிடித்துவிடுவாய். அதனால் உள்ளதைச் சொல்கிறேன். கருத்தக்கண்ணன் மேஸ்திரி காதுக்கு விஷயம் போகும். பெண்டாட்டி எழுதிக் கொடுத்ததைப் பார்த்து விளக்குப் போட்டான், அவள் எழுதாததையும் போட்டான் என்று சிம்மக்கல்லில் ஒரு டீக்கடை விடாமல் சொல்லுவார். ஏணி தூக்கச் சொன்னவர், அதையும் பிடுங்கிக்கொள்வார். லைசென்ஸ் போனால் ஒயர்மேன் இல்லை, அவ்வளவுதான். இந்த மானம் போனால் ஆளே இல்லை.

தண்டல் கேட்டபோது உன் தாளை ஆட்டிக் காட்டினது நான். அந்தாளுக்கு எழுத்துத் தெரியாது என்று தெரிந்துதான் காட்டினேன். மேஸ்திரி எனக்குச் செய்ததை நான் அவருக்குச் செய்தேன். அதை உன் தாளில் எங்கே தேடினாலும் கிடைக்காது.

சுருளி


சிம்மக்கல், மதுரை
16-3-1938

மச்சானுக்கு,

ஆபீசருக்குக் கடிதம் எழுதினேன். இரண்டு நாள் கைப்பையில் வைத்திருந்தேன். தபாலில் போடவில்லை. உங்கள் கடைசிக் கடிதத்துக்கு அப்புறம் போட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கீழக்குயில்குடிக்குப் போயிருந்தேன். அத்தை புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எம்மகன் பேருல என்னமோ கேசாம்ல?"

"ஆமா அத்தை."

"அவன் தப்பா, ஒன் தப்பா?"

"ரெண்டு பேரு தப்பும்தான்."

"ரெண்டு பேரு தப்புன்னு சொல்றவுக எல்லாம் தன் பங்கக் கொறச்சுத்தான் சொல்லுவாக. போ, போய் அந்தச் சொளகை எடு."

எடுத்துக் கொடுத்தேன். நானும் உட்கார்ந்து கொட்டை எடுத்தேன். திரும்பி வரும் வண்டியில் என் பங்கு எவ்வளவு என்று எண்ணிக்கொண்டே வந்தேன். ஒரு வரியை விட்டேன். அது மட்டும் இல்லை. உங்களுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று நானே தீர்மானித்தேன். இப்போது ஆபீசருக்கு உங்களைக் கேட்காமல் எழுதினால் அதையேதான் திரும்பவும் செய்வேன்.

அதனால் எல்லாவற்றையும் உங்களுக்கே அனுப்புகிறேன். ஆபீசருக்கு எழுதிய கடிதம் ஒன்று. ஒவ்வொரு இங்கிலீஷ் வரிக்கும் கீழே தமிழ் எழுதியிருக்கிறேன். அச்சுத்தாள் முழுவதும் தமிழில் ஒன்று. மீன்பிடிக்கும் படகு, நங்கூரம் போட்ட கப்பல், இழுத்துக்கொண்டு போகிற கப்பல், மூடுபனியில் ஊத வேண்டிய கொம்பு, எல்லாம் இருக்கிறது. பதினொரு பக்கம். உங்களுக்கு எது வேண்டாம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

காட்டுவதும் காட்டாததும் உங்கள் இஷ்டம். காட்டினால் மேஸ்திரி சிரிப்பார். அது பொய் இல்லை. பின்பக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். யார் பார்த்தாலும் எனக்கு ஒன்றுமில்லை என்று எழுத நினைத்தேன். அது பொய். பள்ளிக்கூடத்தில் என்னோடு நான்கு வருஷமாக இருக்கிறவர்களுக்கு எனக்கு என்ன காய் பிடிக்கும் என்றுகூடத் தெரியாது. கத்தரித்து எடுக்கவும் முடியாது, இரண்டும் ஒரே தாள். எனக்குக் கூசத்தான் செய்கிறது. அதற்காக ஒளித்து வைக்க வேண்டாம்.

இதற்குமேல் வற்புறுத்தமாட்டேன். எழுதும்போதே பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

மாயக்காள்


தூத்துக்குடி
22-3-1938

மாயி,

லைசென்ஸ் போகவில்லை.

நேற்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். காலையில் போகும்போதுகூட முடிவு பண்ணவில்லை. தாளைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். முதலில் தண்டலைக் கூப்பிட்டார்கள். "பாய் விரிச்சு ஓடயில உச்சியில வெளக்குக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா?" என்று குமாஸ்தா கேட்டார். "தெரியும்யா. ஆனா அவரு சட்டத்தக் காட்டுனாரு. எனக்கு வாசிக்கத் தெரியாது" என்றார். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு தன்னைச் சொன்னார். அதற்குமேல் என்னால் பையில் வைத்திருக்க முடியவில்லை.

குமாஸ்தா முன்பக்கத்தைப் படித்து ஆபீசருக்கு இங்கிலீஷில் சொன்னார். நீ அவருக்கு எழுதிய கடிதத்தையும் ஆபீசர் படித்தார். இரண்டு தடவை படித்தார். கடிகாரக் கணக்கைக் கேட்டு, யார் இப்படிச் சொல்லிக் கொடுத்தது என்றார். என் வீட்டில் என்றேன். என் வாயால் சொல்லிவிட்டேன். மேஸ்திரி சிரித்துக்கொள்ளட்டும்.

பிறகு குமாஸ்தா தாளைத் திருப்பினார். "அம்புட்டுத்தான் சார், அங்கிட்டு ஒண்ணும் இல்ல" என்றேன். "ரெக்கார்டுன்னா ரெண்டு பக்கமும்தான்யா" என்று சொல்லிப் படிக்க ஆரம்பித்துவிட்டார். கல்யாண வீட்டில் மொய் வாசிக்கிற குரல். மறித்தேன், கேட்கவில்லை. தலையணை என்ற இடம் வந்ததும் முதலாளி கூரையைப் பார்த்தார். தண்டல் இருமினார். குமாஸ்தாவுக்குக் கடைசி வரை வெட்கமே வரவில்லை. அதையும் இங்கிலீஷில் சொல்லி முடித்தார். ஆபீசர் பேனா மூடியைத் திருகித் திருகி மாட்டினார். என்னையும் சேர்த்து அறையில் ஏழு பேர்.

தெரியாமல் வைத்தது என்று தீர்ப்பு. ஆறு மாதம் தோணியில் வேலை செய்யக்கூடாது. கரையில் செய்யலாம். பாஸான பிறகு விளக்கு வைக்கச் சம்மதித்ததற்கு முதலாளிதான் பொறுப்பு, மிக்கேலுக்குக் குணமாகும்வரை சம்பளம் கொடுக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். முதலாளி என்னோடு பேசவில்லை.

உச்சி விளக்கை நானே ஏறிக் கழற்றினேன். தண்டல் கீழே நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டார். இறங்கியதும் அவர் கேட்டது ஒன்றுதான். "ஏ தம்பி, அந்தப் புள்ளைக்கிப் பதில் எழுதுனியா, இல்லியா?"

தாளைத் திருப்பித் தரமாட்டோம் என்றுவிட்டார்கள். மூன்றாம் நம்பர் என்று முத்திரை குத்தி ஃபைலில் கட்டிவிட்டார்கள். கெஞ்சிப் பார்த்தேன். பெட்டியைத் திறந்தால் அந்த இடம் காலியாக இருக்கிறது. பின்பக்கத்தில் எழுதியிருந்ததை மட்டும் இன்னொரு தரம் எழுதி அனுப்பு.

சுருளி


சிம்மக்கல், மதுரை
26-3-1938

மச்சானுக்கு,

லைசென்ஸ் தப்பியது என்று படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த பக்கத்தைப் படித்ததும் எழுந்துவிட்டேன். இரண்டு நாளாக அறைக்குள் நடக்கிறேன். தெருவில் போகிறவர்கள் எல்லோரும் தூத்துக்குடி ஆபீசிலிருந்து வருகிறவர்கள் போல் இருக்கிறது. நான்தான் காட்டச் சொன்னேன். அதனால் யாரையும் திட்டவும் வழியில்லை. அந்தக் குமாஸ்தாவை மட்டும் திட்டினேன், அவர் பெயர்கூடத் தெரியாமல்.

மிக்கேல் வீட்டுக்கு நான் தைத்த குழந்தைச் சட்டை இரண்டு தனியாக அனுப்பியிருக்கிறேன். தண்டலிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். நீங்களும் கேளுங்கள், கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள்.

பின்பக்கத்தைத் திரும்ப எழுத முடியாது. அதில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஆறு பேரோடு உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. குமாஸ்தா அதை இங்கிலீஷில் சொல்லிவிட்டார். ஆபீசர் நம்பர் போட்டுவிட்டார். எழுத்துத் தெரியாத தண்டல், பதில் எழுதினாயா என்று உங்களையே கேட்டுவிட்டார். அவருக்கு என்ன சொன்னீர்கள் என்று நீங்கள் எனக்கு எழுதவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர்தான். அவர் அதை இன்னொரு தரம் எழுதி அனுப்பச் சொல்கிறார்.

மாயக்காள்